அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஆங்கிலக் கௌரவச் சங்கம்

கற்றோரைச் சிறப்பித்தல் எந்நாட்டார்க்கும் உரிய பண்பு. மதுரைச் சங்கத்தார் வீற்றிருந்த பலகை, தகுதி வாய்ந்த புலவர் வந்தால் தானே விரிந்து இடந்தரும் என்றும், தகுதியிலார் அணுகின் இடந்தராது என்றும் நம் முன்னோர் கதை வழங்கி வந்தனர். கதை எவ்வாறாயினும் அதன் உட்கருத்துத் தெளிவானது. கல்வியால் வரும் சிறப்புப் பிறப்பினாலும் பொருளினாலும் பெறத்தக்கதன்று. தகுதி கண்டவிடத்துத் தானே வந்து எய்துவது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கருத்தினையே அடிப்படையாகக் கொண்டு, 'கௌரவச் சங்கம்' என்னும் அமைப்புப் பல தலைமுறைகளாக நிலவி வருகின்றது. கல்வியிற் சிறந்த மாணாக்கரை ஆசிரியர் தேர்ந்தெடுத்து, ஒரு சங்கத்தின் உறுப்பினராக்கி, சின்னமும் சான்றிதழும் அளித்துப் பலர் முன்னிலையிற் சிறப்பிப்பது அதன் வழக்கம். அத்தகைய சங்கங்கள் பல. அவற்றுள், உயர்நிலைப் பள்ளி மாணாக்கரில் ஆங்கில மொழியிலும் இலக்கியத்திலும் ஈடுபாடுடையாரைச் சேர்த்து இயங்கும் ஒன்றனைப் பற்றி ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம். அதன் பெயர் தேசிய ஆங்கிலக் கௌரவச் சங்கம். பலகையில் இடம் பெற்றவர் யாவர் என்பதோடு, இடம் பெற்ற பின் அவர் செய்வது யாது என்பதும் நாம் ஆராயத்தக்கது. உண்மையில் இவ்விரண்டாம் வினாவே பெரிது என்பது இக்கட்டுரையின் முடிவில் புலனாகும்.

தோற்றம்

இவ்வகைச் சங்கங்களின் வரலாறு 1776-ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. அமெரிக்கர் தம் சுதந்தரப் பிரகடனத்தை வெளியிட்ட அவ்வாண்டிலேயே, டிசம்பர் மாதம் 5-ஆம் நாள், வர்ஜீனியா நாட்டு வில்லியம்ஸ்பர்க் நகரில், வில்லியம் அண்டு மேரி கலாசாலை மாணாக்கர் ஐவர் கூடி, 'பை பீட்டா கப்பா' என்னும் சங்கத்தை நிறுவினர். 'மெய்யறிவின் மீது காதலே வாழ்க்கைக்கு வழிகாட்டி' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்கள் மூன்றன் முதலெழுத்துக்களே அப்பெயராயின. தொடக்கத்தில் அஃது இக்காலத்துக் கௌரவச் சங்கம் போன்றதன்று. இளைஞர் சிலர் கூடிக் கட்டுரை படித்தும் சொற்போர் நிகழ்த்தியும் தம் அறிவை வளர்த்துக்கொண்ட அந்தரங்கக் கூட்டமாகவே அது விளங்கிற்று. உறுதிமொழியும், உறுப்பினர் மட்டும் அறிந்த கைகுலுக்கும் முறையும் அதற்கு உண்டு.

அச்சங்கம் பிழைத்த வரலாறு நினைவிற் கொள்ளத்தக்கது. 1779-ஆம் ஆண்டில், தம் சங்கத்திற்குப் பிற கலாசாலைகளிலும் கிளைகள் அமைக்க அவ்விளைஞர் உரிமைப் பத்திரம் வழங்கினர். அதன்படி 1780-இல் யேல் கலாசாலையிலும், 1781-இல் ஹார்வர்டு கலாசாலையிலும் கிளைகள் தோன்றின. அதே 1781-ஆம் ஆண்டில் போர் வர்ஜீனியாவினுட் புகுந்தது. வில்லியம் அண்டு மேரி கலாசாலை மூடப்பட்டது. மூலச் சங்கமும் அதனோடு ஒடுங்கிற்று. தாய் மரம் பட்டது. வேற்றிடத்து நட்ட கன்றுகள் தழைத்தன. தம் சிறப்பைத் தமக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பாராயின், அவ்வைவர் செயல் அன்றே மறைந்திருக்கும். பிறர்க்கு ஈந்தமையால் அஃது இன்றும் வாழ்கின்றது.

பின்னர் 1831-ஆம் ஆண்டில் ஹார்வர்டு கிளையார் இரகசிய முறையைக் கைவிட்டனர். 1837-இல் அக்கிளையாரின் கூட்டத்திலேயே எமர்சன் என்னும் பேரறிஞர், 'அமெரிக்கக் கல்வியாளன்' என்னும் பொருள் பற்றிப் புகழ்பெற்ற பிரசங்கம் ஒன்று நிகழ்த்தினார். கற்றவன் ஏட்டுச் சுவடிக்கு அடிமையாதல் கூடாது, உலகியலினும் செயலினும் புகுந்து தானே சிந்திப்பவனாதல் வேண்டும் என்பது அதன் சாரம். 1875-ஆம் ஆண்டில் வெர்மாண்டு சர்வகலாசாலைக் கிளை முதன்முதலாகப் பெண்மக்களை உறுப்பினராக ஏற்றது. இரண்டாண்டுகள் கழித்து, 1877-இல், அதே கிளை அடிமை நிலையிற் பிறந்தவரான ஜார்ஜ் வாஷிங்டன் ஹெண்டர்சன் என்னும் நீக்ரோவரைத் தேர்ந்தெடுத்தது. சங்கப் பலகை மெல்ல மெல்ல விரிந்தது என்றே நாம் இதனைக் கொள்ளலாம். அது தானே விரிந்ததன்று. நீதியுணர்ந்தோர் விரித்தமையால் விரிந்தது.

பள்ளிகளிற் பரவியமை

கலாசாலைகளில் வேரூன்றிய இவ்வழக்கம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பரவிற்று. 1906-ஆம் ஆண்டில், பின்னர்க் 'கும் லௌதே' என்னும் இலத்தீன் பெயர் பெற்ற சங்கம் பள்ளி மாணாக்கர் பொருட்டு நிறுவப்பெற்றது. 1921-இல் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் கழகத்தார் 'தேசியக் கௌரவச் சங்கம்' என்பதனைத் தோற்றுவித்தனர். கல்வி, தொண்டு, தலைமை, ஒழுக்கம் என்னும் நான்கும் அதன் தூண்கள். இந்நான்கனுள் கல்வி ஒன்றே மதிப்பெண்ணால் அளக்கத்தக்கது. ஏனைய மூன்றும் வாழ்க்கையாற் காட்டத்தக்கன.

பொதுச் சங்கத்தை அடுத்துத் துறைதோறும் தனிச் சங்கங்கள் எழுந்தன. பள்ளிப் பத்திரிகைகளில் எழுதும் மாணாக்கர் பொருட்டு 1926-இல் அயோவா சர்வகலாசாலையில் 'குயில் அண்டு ஸ்குரோல்' என்னும் சங்கம் எழுந்தது. இறகுப் பேனாவும் ஏட்டுச் சுருளும் என்பது அப்பெயரின் பொருள். அதனை நிறுவியவருள் முதன்மையானவர், பின்னாளிற் பொதுமக்கள் கருத்தை எண்ணிக் கணிக்கும் முறையாற் புகழ்பெற்ற ஜார்ஜ் காலப் என்பார். நாடகக் கலை பயிலும் மாணாக்கர்க்கு 1929-இலும், கணிதம் வல்லார்க்கு 1957-இலும் சங்கங்கள் அமைந்தன. ஆயின் எல்லாப் பள்ளிகளிலும் எல்லா வகுப்பினும் பயிலப்படும் ஆங்கிலத்திற்கு நாடளாவிய தனிச் சங்கம் ஒன்று தோன்றியது 2005-ஆம் ஆண்டிலேதான். நாள்தோறும் உண்ணும் சோற்றுக்கு விருந்து வைப்பார் இலர் அன்றோ? அனைவரும் கற்பது என்னும் காரணத்தாலேயே அம்மொழிக் கல்வி தனிச் சிறப்பின்றி நின்றது போலும் என்று நாம் கருதுகின்றோம்.

அச்சங்கத்தை நிறுவினோர் 'சிக்மா டௌ டெல்டா' என்னும் கலாசாலை ஆங்கிலச் சங்கத்தார். அத்தாய்ச் சங்கம் 1924-ஆம் ஆண்டில், தென் டகோட்டா நாட்டு மிட்செல் நகரில், மெதடிஸ்டு திருச்சபையாரால் நிறுவப்பெற்ற டகோட்டா வெஸ்லியன் சர்வகலாசாலையிற் பிறந்தது. பரந்த புல்வெளிகளுக்கு இடையே அமைந்த ஒரு சிறு மிஷன் கலாசாலையினின்றும் இத்தகைய முயற்சி எழுந்தமை நம்மனோர்க்கு ஊக்கந் தருவதாம். உள்ளத்தூய்மை, வாய்மை, அமைப்பு என்னும் மூன்றும் அதன் குறிக்கோள். அவற்றின் முதலெழுத்துக்களே கிரேக்க உருவில் அதன் பெயராயின. எழுதுவோர்க்கு இம்மூன்றும் இன்றியமையாதன. உள்ளத்தில் இல்லாததை எழுதாமை முதலது. உண்மைக்கு மாறாக எழுதாமை இரண்டாவது. எழுதுவதை ஒழுங்குபட எழுதுதல் மூன்றாவது. பள்ளிச் சங்கத்தின் குறிக்கோளுரையோ, கௌரவத்தோடு கடமையும் உடன் செல்லும் என்பது.

அமைப்பும் உறுப்பினர் தேர்வும்

ஒரு பள்ளியில் இச்சங்கம் அமைய வேண்டுமாயின், அப்பள்ளியின் ஆங்கில ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்றுத் தலைமை நிலையத்திற்கு விண்ணப்பம் செய்து உரிமைப் பத்திரம் பெறுதல் வேண்டும். அவர் அக்கிளைக்கு ஆலோசகர் ஆவார். கிளைகள் தத்தமக்கு விருப்பமான பெயர் சூட்டிக்கொள்வதும், அப்பெயர் ஓர் ஆசிரியர் அல்லது நூலைப் பற்றியதாக அமைவதும் உண்டு. அக்கிராசனர், உப அக்கிராசனர், காரியதரிசி, பொக்கிஷதார் முதலியோரை மாணாக்கரே தம்முள் தேர்ந்தெடுக்கின்றனர். நிகழ்ச்சிகளை எழுதி வைப்பதற்கென்று வரலாற்றுக் குறிப்பாளர் ஒருவரை நியமிக்கும் கிளைகளும் உள.

அந்நாட்டில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு ஒன்பதாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள் கொண்டது. புதிதாக வந்த மாணாக்கர் உடனே இச்சங்கத்திற் சேர்தல் இயலாது. உயர்நிலை வகுப்பில் ஓராண்டேனும் ஆங்கிலம் பயின்று, அப்பாடத்திலும் பொதுப் படிப்பிலும் நல்ல தரம் பெற்றிருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் உண்மையான ஈடுபாடு உண்டு என்பதும், ஒழுக்கம் நன்று என்பதும் ஆசிரியர்க்குத் தெரிந்திருத்தல் வேண்டும். இவற்றோடு, கட்டுரை ஒன்று எழுதுவித்தும், ஆசிரியரது பரிந்துரை பெறுவித்தும், தொண்டு செய்த நேரத்தைக் கணக்கிட்டும் சேர்த்துக்கொள்ளும் முறை பள்ளிக்குப் பள்ளி வேறுபடும்.

தேர்ந்தெடுக்கப்பெற்றோரை ஏற்கும் விழா, பெற்றோரும் ஆசிரியரும் கூடியிருக்க மாலை வேளையில் நிகழ்வது பெருவழக்கு. பல பள்ளிகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் சடங்கும் உண்டு. பெரிய மெழுகுவர்த்தி ஒன்றனினின்றும் ஒவ்வொருவரும் தத்தம் சிறு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு உறுதிமொழி கூறி, ஏட்டிற் கையெழுத்திடுவர். பின்னர்ச் சான்றிதழும் சின்னமும் வழங்கப்பெறும். பள்ளிப்படிப்பு முடித்துப் பட்டயம் பெறும் நாளில் அங்கியின் மேல் சங்கத்திற்குரிய வண்ணக் கயிறு அணிவதும் உண்டு. ஒரு சுடரினின்றும் மற்றொரு சுடர் ஏற்றப்படுங்கால் முன்னதன் ஒளி சிறிதும் குறைவதில்லை. அச்சடங்கின் பொருள் அதுவேயாயின், விழாவின் மறுநாளே சங்கத்தின் மெய்யான வேலை தொடங்குதல் வேண்டும்.

சங்கத்தின் பணிகள்

அப்பணிகளுள் தலையாயதாக நாம் மதிப்பது, உடன் பயிலும் மாணாக்கர்க்கு எழுத்துத் துணை செய்தலாகும். இம்முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1970-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரச் சர்வகலாசாலையார், உயர்நிலைப் பள்ளி முடித்த அந்நகரத்து மாணாக்கர் அனைவர்க்கும் தம் கலாசாலைகளிற் கதவைத் திறந்துவிட்டனர். ஏழைக் குடும்பங்களினின்றும் மாணாக்கர் பெருந்திரளாய் வந்தனர். அவருட் பலர்க்கு ஒழுங்காக எழுதும் பயிற்சி இல்லை. ஆசிரியரிடம் உதவி பெறும்படி கூறியும் பலர் நாணத்தால் அணுகிலர். புரூக்ளின் கலாசாலை ஆசிரியர் கென்னத் புரூபி என்பார், மாணாக்கர்க்கு மாணாக்கரே துணை என்னும் முறையைக் கையாண்டார். ஆசிரியரிடம் கேட்கக் கூசியவர், தம்மையொத்தவரிடம் கூசாது கேட்டனர். கலாசாலைகளிற் பரவிய அம்முறை நாளடைவில் உயர்நிலைப் பள்ளிகளிலும் புகுந்தது.

இத்துணை நிகழும் விதத்தைச் சிறிது விளக்குதும். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஹார்ப்பர் லீ அம்மையார் 1960-இல் வெளியிட்ட 'டு கில் எ மாக்கிங்பர்டு' என்னும் நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொண்டு வருகின்றான் என்று கொள்வோம். கட்டுரை முழுவதும் கதைச் சுருக்கமாகவே இருக்கின்றது. அனுபவமற்ற துணைவன் செய்வது யாது? எழுதுகோலை வாங்கிப் பிழைகளைத் திருத்தித் தானே இரண்டு பத்தி எழுதிக் கொடுப்பான். கட்டுரை நன்றாகும், எழுதியவன் பழைய நிலையிலேயே நிற்பான். பயிற்சி பெற்ற துணைவியோ எழுதுகோலைத் தொடுவதில்லை. 'நீ எழுதியதை நீயே உரக்கப் படி' என்பாள். படிக்குங்கால், தடுமாறும் வாக்கியங்களைப் பெரும்பாலும் அவன் செவியே கண்டுகொள்ளும். பின்னர், 'இக்கதையில் உன்னை வருத்திய இடம் எது?' என்று வினவுவாள். அவன் சற்று எண்ணி, குற்றமற்றவன் என்று அனைவரும் அறிந்திருந்தும் அக்கறுப்பரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்த இடத்தைக் கூறுவான். 'அறிந்திருந்தும் ஏன் அவ்வாறு தீர்த்தனர்?' என்பது அடுத்த வினா. அவன் சொல்லத் தொடங்குவான். 'இப்பொழுது நீ சொன்னதே உன் கட்டுரை. அதனை எழுது' என்று அவள் முடிப்பாள்.

எழுத்தைத் திருத்துவதினும் எழுதுவோனைத் திருத்துவதே இத்தகைய துணையின் நோக்கம் என்பது, இத்துறையில் வல்லவரான ஸ்டீபன் நார்த் 1984-இல் எழுதிய கட்டுரை ஒன்றால் அறிஞரிடை நிலைபெற்ற கருத்து. இக்காலத்தில், 2022-ஆம் ஆண்டு முதல், கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் கணிப்பொறிகள் மாணாக்கர் கைக்கு எட்டியுள்ளன. அவை வாக்கியங்களை நொடிப்பொழுதில் நிரப்பித் தரும். ஆயின், 'உன்னை வருத்திய இடம் எது?' என்னும் வினாவிற்கு விடை அம்மாணவன் நெஞ்சிலன்றி வேறெங்கும் இல்லை. ஆதலின் இப்பணியின் அருமை இந்நாளிற் பெருகியதே அன்றிக் குறைந்திலது.

இத்துணையை நாடுவோருட் சிலர் வீட்டில் ஆங்கிலம் வழங்காத குடும்பத்துச் சிறுவர். அமெரிக்கா பல நாட்டினரும் குடியேறிய தேசம். பள்ளியில் ஆங்கிலமும் வீட்டில் ஸ்பானியமோ சீனமோ வேறொன்றோ பேசும் மாணாக்கர் அங்கு மிகப் பலர். சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனக் குடும்பத்தார் தொடுத்த வழக்கில், 1974-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தார் முக்கியமான தீர்ப்பு ஒன்று அளித்தனர். ஆங்கிலம் அறியாத சிறுவர்க்கும் ஏனையோர்க்கும் ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் கொடுத்துவிட்டமையால் சமத்துவம் வந்துவிடாது என்றும், அச்சிறுவர்க்கு மொழித்துணை செய்தல் பள்ளியின் கடமை என்றும் அத்தீர்ப்பினால் விளங்கிற்று. சட்டம் பள்ளியைக் கடமைப்படுத்தலாம். ஆயின் புதிதாக வந்த சிறுமி ஒருத்தி, பிறர் நகைப்பரோ என்னும் அச்சமின்றி வாய் திறப்பதற்கு ஏற்ற துணை, அவள் வயதொத்த நல்லுள்ளம் ஒன்றே.

இரண்டாவது பணி, இளஞ்சிறார்க்கு வாசித்துக் காட்டுதல். உறுப்பினர் அருகிலுள்ள தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்று சித்திரக் கதைப் புத்தகங்களைப் படித்துக் காட்டுகின்றனர். வாசிப்பை வளர்த்தற்பொருட்டு 1998-ஆம் ஆண்டு முதல் மார்ச்சு மாதத் தொடக்கத்தில் நாடெங்கும் நடைபெற்று வரும் கொண்டாட்டம் இதற்கு ஏற்ற காலம். படித்து முடித்த புத்தகங்களை வீடுதோறும் திரட்டி, இல்லாதார்க்கு வழங்குவதும் உண்டு. விஸ்கான்சின் நாட்டு ஹட்சன் என்னும் ஊரில் 2009-ஆம் ஆண்டில், டாட் போல் என்பார் ஆசிரியையாயிருந்த தம் அன்னையின் நினைவாகத் தம் வீட்டு முன்றிலில் சிறு பெட்டி ஒன்றை நட்டு, அதிற் புத்தகங்களை வைத்தார். 'வேண்டியவர் எடுக்கலாம், விரும்பியவர் வைக்கலாம்' என்பதே அதன் விதி. அச்சிறு நூற்பெட்டிகள் இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளன. அத்தகைய பெட்டி ஒன்றை அமைத்துக் காப்பது பள்ளிச் சங்கத்தார்க்கு எளிதும் பயனுள்ளதுமான வேலை.

மூன்றாவது, கவிதையரங்கு. அமெரிக்கக் கவிஞர் கழகத்தாரின் முயற்சியால் 1996 முதல் ஏப்பிரல் மாதம் தேசியக் கவிதை மாதமாகக் கொண்டாடப்பெறுகின்றது. ஷேக்ஸ்பியரின் பிறந்த நாள் என்று மரபாகக் கொள்ளப்படும் ஏப்பிரல் 23-ஆம் நாளும் அம்மாதத்திலேயே அமைகின்றது. அக்காலத்திற் சங்கத்தார் கவிதைகளை மனப்பாடமாய் ஒப்புவித்தும், தாம் எழுதியவற்றை அவையிற் படித்தும் மகிழ்கின்றனர். அவையஞ்சாமையை வள்ளுவனார் தனி அதிகாரமாக்கிக் கூறியதன் பயன் இத்தகைய அரங்குகளில் தெற்றென விளங்கும். எழுதுவதில் வல்லவர் ஒருவர், தம் பாடலைத் தாமே பத்துப்பேர் நடுவிற் படிக்குங்கால் முழங்கால் நடுங்குவதும், மூன்றாம் முறையில் அந்நடுக்கம் ஒழிவதும் எந்நாட்டு இளைஞர்க்கும் பொது.

நான்காவது, பள்ளியின் இலக்கிய மலரைத் தொகுத்து வெளியிடுதல். வந்த கதைகளையும் பாக்களையும் எழுதினார் பெயரை மறைத்துப் படித்துத் தேர்தல் நல்ல முறை. நண்பனுடைய கதையை விலக்கவும், அறியாதவனுடைய கதையை ஏற்கவும் அதனால் நெஞ்சுரம் பிறக்கின்றது. ஐந்தாவது, நூல்களின் உரிமை பற்றிய பணி. 1982-ஆம் ஆண்டு முதல் 'தடைசெய்யப்பட்ட நூல்களின் வாரம்' அந்நாட்டில் நடந்து வருகின்றது. அவ்வாண்டிலேயே, பள்ளி நூலகத்துப் புத்தகங்களை அவற்றின் கருத்துக்கள் தமக்கு உவப்பாகா என்னும் காரணம் ஒன்றே பற்றி நிர்வாகிகள் அகற்றலாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் முதன்மைத் தீர்ப்புக் கூறிற்று. அவ்வழக்கைத் தொடுத்தவர் பள்ளி மாணாக்கரே. ஒரு நூலை விலக்க வேண்டும் என்பாரையும் வேண்டா என்பாரையும் ஒரே மேடையிற் பேசச் செய்து, கூச்சலின்றிக் கேட்கப் பழகுதல் இச்சங்கத்தார்க்குத் தகுந்த பயிற்சி.

குறைகளும் ஐயங்களும்

இத்துணை நன்மை கூறிய நாம், குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. முதற்குறை, சின்னத்தின் பொருட்டே சேர்வது. அமெரிக்கக் கலாசாலைகளில் இடம் பெற விரும்பும் மாணாக்கர், மதிப்பெண்ணோடு தாம் ஈடுபட்ட பிற காரியங்களையும் விண்ணப்பத்தில் எழுதுதல் வேண்டும். ஆகவே சங்கப் பெயர்கள் பலவற்றை அடுக்கி எழுதும் ஆசை எழுகின்றது. ஏற்பு விழாவிற்கு வந்து, சின்னம் பெற்று, பின்னர் எக்கூட்டத்திற்கும் வாராத உறுப்பினர் எச்சங்கத்திற்கும் சுமையே. அவரால் அவர் பெற்ற சிறப்பும் பொருளற்றதாகி விடுகின்றது.

இரண்டாவது, தேர்வில் நேரும் அநீதி. இதற்கு, முன்னர்க் குறித்த பொதுச் சங்கமாகிய தேசியக் கௌரவச் சங்கத்தினின்றும் ஒரு சான்று காட்டுதும். 1998-ஆம் ஆண்டில் கெண்டக்கி நாட்டுப் பள்ளி ஒன்றில், கல்வியிற் சிறந்த மாணவியர் இருவர், மணமாகு முன்னே தாய்மையுற்றனர் என்னும் காரணத்தால், ஒழுக்கம் என்னும் தூணைக் காட்டி விலக்கப்பட்டனர். வழக்கு மன்றம் ஏறிற்று. ஆண்மக்களின் ஒழுக்கத்தை அவ்வாறு எவரும் ஆராயாதிருக்க, பெண்மக்களை மட்டும் கண்கூடான நிலை பற்றி விலக்குதல் சட்டத்திற்கு முரணாகும் என்று கருதிய நீதிபதி, அவ்விருவரையும் உறுப்பினராக ஏற்கும்படி ஆணையிட்டார். ஒழுக்கத்தைக் காத்தல் வேண்டும் என்பதில் நம்மனோர்க்கு ஐயமில்லை. ஆயின் ஒருவர் குற்றம் வெளிப்படையாகவும் மற்றொருவர் குற்றம் மறைந்தும் இருப்பின், வெளிப்பட்டவரை மட்டும் தண்டிப்பது நீதியன்று. முதற் கல்லை எறிவார் யாவர் என்று நம் ஆண்டவர் வினவியதை மறந்தார்க்கு, வழக்கு மன்றம் அதனை நினைவூட்டிற்று என்க.

மூன்றாவது, மதிப்பெண்ணால் அளக்கப்படாத திறமை. மாலையில் கடையில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கும் சிறுவன் ஒருவன் வகுப்பில் நடுத்தரமாகவே இருப்பான்; ஆயின் அவன் எழுதும் கதை உயிருள்ளதாக இருக்கலாம். அவனுக்குச் சங்கத்தில் இடம் இல்லை. இக்குறையை முற்றும் நீக்குதல் எந்த விதியாலும் இயலாது. ஆயின் குறைக்கும் வழி ஒன்றுண்டு. சங்கத்தின் உறுப்பினர் சிலராயினும், அதன் கவிதையரங்கும், மலரும், எழுத்துத் துணையும் பள்ளியில் அனைவர்க்கும் உரியனவாக விளங்கல் வேண்டும். அச்சிறுவன் சின்னம் அணியாதிருப்பினும் அவன் கதை மலரின் முதற்பக்கத்தில் வருமாயின், அச்சங்கம் தன் கடமையைச் செய்ததாகும்.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாம் வினாவிற்கு இப்பொழுது விடை கூறலாம். கௌரவம் என்பது செய்து முடித்த செயலுக்குக் கொடுக்கும் கூலியன்று. இனிச் செய்ய வேண்டிய செயலுக்குப் பெற்ற முன்கடன். நன்றாகப் படிக்கத் தெரிந்தவன் படிக்கத் தெரியாதவனுக்குக் கடன்பட்டவன். நன்றாக எழுதத் தெரிந்தவள் சொல் வாராது திகைப்பவளுக்குக் கடன்பட்டவள். கடனைத் தீர்ப்போர் உள்ள கிளை வாழும். சின்னத்தை அணிந்து சும்மா இருப்போர் நிறைந்த கிளை, பட்டியலிற் பெயராக மட்டும் எஞ்சும். 1781-இல் மூலச் சங்கம் ஒடுங்கியும் அதன் கிளைகள் வாழ்ந்த வரலாறும் இதனையே புகட்டுகின்றது.

நம் கல்லூரியிலும் மன்றங்களும் சங்கங்களும் உள. ஆண்டுதோறும் அக்கிராசனர் மாறுகின்றனர், நிழற்படம் எடுக்கப்பெறுகின்றது, அறிக்கை படிக்கப்பெறுகின்றது. அவ்வறிக்கையில் எத்தனை கூட்டங்கள் நடந்தன என்று எண்ணுவதோடு, எத்தனை பேர் நம்மாற் பேசக் கற்றனர், எத்தனை பேர் நம்மால் அச்சமின்றி எழுதத் தொடங்கினர் என்றும் எண்ணிப் பார்த்தல் நலம். முதலாண்டு வகுப்பில், கிராமத்தினின்றும் வந்து, கடைசிப் பலகையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவர் எவ்வாண்டும் உளர். அவர் அருகிற் சென்று அமர்ந்து, 'நீங்கள் எழுதியதைப் படியுங்கள், கேட்போம்' என்று கூறுவதற்கு உரிமைப் பத்திரமோ, சின்னமோ, வண்ணக் கயிறோ வேண்டுவதில்லை. நம்முள் மொழியறிவு சிறிதேனும் பெற்றார் யாவரும் இவ்வாண்டு ஒருவர் அருகிலேனும் அவ்வாறு அமர்வாராக.